ஆறாவது கேள்வி

அத்தியாயம் பன்னிரண்டு

கட்சியின் தாராவி வட்டாரச் செயலாளர் ஜஹாங்கீர் தோழர், கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகியதைப் போன வாரம் பார்த்தோம். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். ஒருவர் பிரம்மநாயகம், பரேல் மில்லில் ஃபிட்டர், தங்கமயிலின் அப்பா. இன்னொருவர் சுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்.

சுப்ரமணியனுக்கும் தங்கமயிலுக்கும் நடுவில் பதினோரு மாதமாக என்ன இருக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரியும். பிரம்மநாயகத்துக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு வாக்கெடுப்பு. அதற்குள் வேலை ஒன்று தங்கமயில் தலையில் விழுந்திருந்தது.

"ஓட்டுப் போடுத தோழர்களுக்கு ரெண்டு பேரைப் பத்தியும் ஒரே தாள்ல எழுதிக் குடுக்கணும்" என்று சனிக்கிழமையே ஜஹாங்கீர் சொல்லிவிட்டார். மேலப்பாளையத்திலிருந்து வந்து முப்பது வருஷம் தாராவித் தோல் ஷெட்டுகளில் வேலை பார்த்த மனுஷர். "அஞ்சு கேள்வி எழுதி வச்சிருக்கேன். ரெண்டு பேருகிட்டயும் அதையே கேளு. சொன்னதைச் சொன்னபடி எழுதி சைக்ளோஸ்டைல் போட்டுரு."

"ஒரு ஆளு எங்க அப்பால்லா தோழர்?"

"அதனாலதான் உன்கிட்ட குடுக்கேன். அப்பன் பக்கம் சாஞ்சுட்டான்னு ஊரு சொல்லிருமோன்னு நீ பயப்படுவ. மத்தவனுக்கு அந்தப் பயமே கிடையாது."

தங்கமயில் கேள்வித் தாளை வாங்கிக்கொண்டாள். பயப்பட இன்னொரு காரணமும் இருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலையில் பிரம்மநாயகம் லேபர் கேம்ப் வீட்டு வாசலில் கண்ணாடியை ஆணியில் மாட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். தங்கமயில் நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கட்சியில எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

"எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனீங்க?"

"மூணு."

உள்ளே உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த சொர்ணம்மாள் குழவியை நிறுத்தினாள். "ரெண்டு. மூணாவது தடவை ஸ்டேஷன்ல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டீய."

"கைது கைதுதானட்டி?"

"டீயில சீனி கம்மின்னு வேற வந்து சொன்னீய."

தங்கமயில் 'இரண்டு' என்று எழுதினாள். பிரம்மநாயகம் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுச் சவரத்தைத் தொடர்ந்தார்.

"என்னென்ன பாஷை தெரியும்?"

"தமிழ், ஹிந்தி. மராத்தி கேட்டாப் புரியும்."

"பேசுவீங்களா?"

"கோவம் வந்தாப் பேசுவேன்."

நான்காவது கேள்விதான் முக்கியமானது. சாக்கடை ஓரத்துத் தொண்ணூறு குடிசைகளையும் காலி செய்யச் சொல்லி முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வார்டு ஆபீஸில் செவ்வாய்க்கிழமை விசாரணை. புதிய செயலாளர்தான் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி.

பிரம்மநாயகம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை.

"நானூறு பேரைக் கூட்டிட்டுப் போயி வாசல்ல உக்காருவேன். பொம்பளைக, பிள்ளைக, பானை, சட்டி எல்லாத்தோடயும். ஆபீசர் வெளிய வரணும்னா எங்களத் தாண்டித்தான் வரணும். காகிதத்தை நீட்டினா காகிதந்தான் திரும்பி வரும். ஆளு உக்காந்தாத்தான் பதிலு வரும். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். அப்பா இப்படிப் பேசும்போது அவளுக்கு எப்போதும் முதுகு நிமிரும். இன்றைக்கும் நிமிர்ந்தது.

"அஞ்சாவது. எதிர்த்து நிக்கிறவர்கிட்ட உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

"அந்த கிளார்க் பையங்கிட்டயா?" நன்றாக யோசித்தார். "சட்டை எப்பவும் சுத்தமா இருக்கும்."

"அப்பா!"

"உள்ளதைத்தான சொல்லுதேன். எழுது."

பதினொரு மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தில் சுப்ரமணியன் காத்திருந்தான். சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. தங்கமயிலுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு நான் கட்சி வேலையா வந்திருக்கேன். தள்ளி உக்காருங்க."

பெஞ்சின் மறுகோடிக்குத் தள்ளி உட்கார்ந்தான். கட்சியில் ஏழு வருஷம். ஜெயில் இல்லை. தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், மராத்தி எல்லாம் தெரியும். மராத்தியில் மனுவே எழுதுவான்.

"மகாராஷ்டிரம் தனி மாநிலமாகி ஒன்றரை வருஷம் ஆச்சு. நோட்டீஸ் மராத்தியில வருது. நாம ஹிந்தியில கத்திட்டு வரோம். தொண்ணூறு குடிசையில எழுபத்தோரு வீட்டுக்குப் பழைய ரேஷன் கார்டு இருக்கு. நானே வீடு வீடாப் போய்ப் பார்த்தேன். பத்து வருஷமாக் குடியிருக்காங்கன்னு காமிச்சா இடிக்க முடியாது. மாற்று இடம் தரணும்னு கேக்கலாம். அதைச் சொல்ல நானூறு பேர் வேண்டாம், நாலு பேர் போதும்."

தங்கமயில் எழுதினாள். இதுவும் சரியாகத்தான் பட்டது. அதுதான் தொல்லை.

"எங்க அப்பாகிட்ட என்ன பிடிக்கும்?"

உடனே பதில் வந்தது. "அவர் ஒரு இடத்துல உட்கார்ந்தா போலீஸ் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. உனக்குத்தான் தெரியுமே."

ஆமாம், தெரியும். அவனே ஆறு மாதத்துக்கு முன் இந்தத் தோட்டத்தில்தான் சொன்னான். போன வருஷம் அவனுடைய ஆபீஸில் ஒருநாள் வேலைநிறுத்தம். சங்கக் கூட்டத்தில் ஆதரித்துப் பேசியவன், அன்றைக்குக் காலையில் வயிற்றுவலி என்று டாக்டர் சீட்டு அனுப்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டான். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு தள்ளிப்போனது. அவனுக்குத் தள்ளிப்போகவில்லை.

"அதை எழுதப் போறியா?" என்று கேட்டான்.

"தெரியல."

"எழுதினா நான் தோத்துடுவேன்."

"எழுதலைன்னா நான் பொய் சொன்னவளா ஆயிருவேன்."

டிராம் மணியோசை கேட்டது. தங்கமயில் எழுந்துவிட்டாள்.

கட்சி அலுவலகத்தில் மெழுகுத்தாளை விரித்து, ஊசிப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் சுப்ரமணியன். ஐந்து பதில்களும் முடிந்தபோது அவள் கை நின்றுவிட்டது.

தாளில் இருந்த எதுவும் பொய்யில்லை. ஆனால் இரண்டு பேரைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் அதில் இல்லை.

அப்பா விஷயமும் சின்னதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் மில் வாசலில் தகராறு நடந்தபோது, மில்லுக்கு ஆள் எடுத்து மேய்க்கும் ஜாபர் ஒருவன் கன்னத்தில் யாரோ அறைந்துவிட்டார்கள். அதைச் சாக்காக வைத்துப் பேச்சுவார்த்தையே முறிந்தது. 'நான்தான் அடிச்சேன்' என்று சுயம்பு ஒத்துக்கொண்டு வேலையை இழந்தான். இப்போது லேபர் கேம்ப் நாக்கா முச்சந்தியில் டீக்கடை வைத்திருக்கிறான். அடித்தது பிரம்மநாயகம். அம்மாதான் ஒருநாள் மனசு தாங்காமல் தங்கமயிலிடம் சொன்னாள்.

ஒரு ரகசியம் மகள் என்பதால் தெரிந்தது. இன்னொன்று காதலி என்பதால் தெரிந்தது. கட்சித் தாளில் அவற்றை அச்சடிக்க அவளுக்கு என்ன உரிமை? மறைக்கத்தான் என்ன உரிமை?

பிறகு, ஜஹாங்கீர் கொடுக்காத ஒரு கேள்வியைக் கீழே சேர்த்தாள்.

'6. இயக்கத்துக்குத் தாம் செய்த தவறு என்ன? இதற்கு வேட்பாளர்கள் கூட்டத்தில் தாமே பதில் சொல்வார்கள்.'

இரண்டு பக்கமும் இடத்தைக் காலியாக விட்டு, மெழுகுத்தாளை உருளையில் மாட்டிச் சுற்றினாள். நாற்பத்தைந்து பிரதிகள்.

நான்கு மணிக்குத் தகரப் பந்தலின் கீழ் நாற்பத்தோரு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதைவிட அதிகம். சொர்ணம்மாள் உறுப்பினர் இல்லை. பின்வரிசையில் பெண்களோடு இருந்தாள்.

தாள் கைக்குக் கை போனது. ஜஹாங்கீர் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார். ஆறாவது கேள்வி வந்ததும் நிமிர்ந்தார்.

"இது நான் குடுத்த கேள்வி இல்லையே?"

"நான் சேர்த்தது தோழர்" என்றாள் தங்கமயில். "வேண்டாம்னா அடிச்சிரலாம்."

ஜஹாங்கீர் கூட்டத்தைப் பார்த்தார். "என்ன தோழர்களே, இருக்கட்டுமா?"

"இருக்கட்டும், இருக்கட்டும்!" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. அடுத்தவன் தவறைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

பிரம்மநாயகம் முதலில் எழுந்தார். வழக்கமாக எழுந்திருக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். இன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் சுயம்பு எங்கே இருக்கிறான் என்று தேடினார்.

"அம்பத்தெட்டுல மில்லு வாசல்ல ஜாபரை அறைஞ்சது சுயம்பு இல்ல. நான்."

கையிலிருந்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போலீஸ் வந்து கேட்டப்போ எனக்கு முன்னால சுயம்பு கையத் தூக்கிட்டான். எனக்குக் குடும்பம் இருக்கு, அவன் தனிக்கட்டைன்னு நெனச்சிருக்கான். நானும் வாய மூடிக்கிட்டேன். அவன் வேலை போச்சு. நான் தலைவர்னு நடமாடுதேன். அடிச்சது ஒரு தப்பு. மூணு வருஷமாப் பேசாம இருந்தது அதவிடப் பெரிய தப்பு. சுயம்பு, என்னை மன்னிச்சிரும்வே."

எல்லோரும் சுயம்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கைகளை விரித்துக்கொண்டு எழுந்தான்.

"ஏன் அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீரு? மூணு வருஷமா இந்தக் கேம்ப்புல நான் வீரன்! ஜாபரை அறைஞ்ச கையின்னு ஆளாளுக்கு வந்து கையக் குலுக்கிட்டு டீ குடிச்சிட்டுப் போறான். இனி எவன் வருவான் என் கடைக்கு?"

பந்தல் அதிரச் சிரிப்பு எழுந்தது. பிரம்மநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுயம்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

அடுத்து சுப்ரமணியன். இதற்குப் பிறகு பேசுவது லேசில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பதற்றம் வந்தால் அவனுக்கு மேடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"போன வருஷம் எங்க ஆபீஸ் ஸ்ட்ரைக் அன்னிக்கு நான் போகலை. வயித்து வலின்னு சீட்டு அனுப்பிட்டு ஆத்துல உக்காந்துண்டிருந்தேன். வயித்து வலி இல்லை. பயம். வேலை போயிடும்னு பயம். கூடப் பேசினவா எல்லாரும் அவஸ்தைப்பட்டா. நான் படலை."

முன்வரிசையில் ஒருவர் "ஓஹோ" என்றார். நல்ல ஓஹோ இல்லை. ரேஷன் கார்டு பார்க்க அவன் வீடு வீடாக வந்ததைக் கண்ட பெண்கள்கூட உதட்டைப் பிதுக்கினார்கள்.

தங்கமயில் தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுவிட்டான் என்று தோன்றியது. தோற்றாலும் சொல்லிவிட்டான் என்றும் தோன்றியது.

ஆனால் சுப்ரமணியன் உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. அது இயக்கத்துக்குப் பண்ணின தப்பு இல்லை. எதிர்ல நிக்கிற தோழருக்குப் பண்ணினது. அவர்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும். பதினோரு மாசமா மறைச்சுட்டேன்."

தங்கமயில் சட்டென்று நிமிர்ந்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பிரம்மநாயகம் தோழர், உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம்."

பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அரே பாப்ரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஜஹாங்கீர் மேஜையைத் தட்டி, "இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல! இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல!" என்று கத்தினார்.

பிரம்மநாயகம் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். சொர்ணம்மாள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு எங்கோ பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்தே அவருக்கு விளங்கிவிட்டது: இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஓட்டெடுப்பு! ஓட்டெடுப்பு!" என்று ஜஹாங்கீர் சீட்டுகளைக் கொடுத்துவிட்டார். ரகசிய வாக்கு. பெயரை எழுதி மடித்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும்.

தங்கமயில் நெடுநேரம் பென்சிலோடு நின்றாள். பிறகு அப்பா பெயரை எழுதினாள். மூன்று வருஷம் நெஞ்சில் கிடந்ததை ஊர் முன்னால் இறக்கிவைத்த மனிதருக்கு அவள் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். சுப்ரமணியன் ஜெயிக்கப்போவதில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை.

ஜஹாங்கீர் சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்க, சுயம்பு வாசித்தான். பிரம்மநாயகம், பிரம்மநாயகம், சுப்ரமணியன், பிரம்மநாயகம். ஆரம்பத்தில் அப்பா பக்கமே ஏறியது. பாதிக்குமேல் மறுபக்கம் ஏறத் தொடங்கியது. வார்டு ஆபீஸுக்கு மராத்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறவன் கணக்கையும் ஒளிக்கமாட்டான் என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம்.

இருபதும் இருபதுமாக நின்றது. டின்னில் கடைசிச் சீட்டு ஒன்று.

சுயம்பு பிரித்தான். எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அவன் புருவம் உயர்ந்தது.

"சுப்ரமணியன்."

செங்கொடிக்கு ஜே என்று கோஷம் எழுந்தது. சுப்ரமணியன் நம்பாமல் நின்றுகொண்டிருந்தான். முதலில் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தது பிரம்மநாயகம்தான்.

"செவ்வாக்கிழமை மனுவை நீரு எழுதும். நாலு பேரு உள்ள போங்க. நானூறு பேரோட வாசல்ல நான் உக்காருதேன். உள்ள பேசுத ஆபீசருக்கு வெளிய சத்தம் கேக்கணும், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தோழர்."

"மத்த விஷயம் வீட்டுல."

வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிரம்மநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கமயில் கதவருகிலேயே நின்றாள்.

"கடைசிச் சீட்டை சுயம்பு அப்படிப் பார்த்தாரே, அது யாரு எழுத்துப்பா?"

"ரகசிய ஓட்டுல்லா? கேக்கப்படாது."

"அப்பா."

பிரம்மநாயகம் தொண்டையைச் செருமினார். "ஸ்ட்ரைக்குக்குப் போவலன்னு சொன்னதோட அவன் தோத்துட்டான். அது அவனுக்கும் தெரியும். அதுக்கு மேல, நான் அவனுக்கு எதுத்து நிக்குத நேரத்துல, ஊரு முன்னால எங்கிட்ட வந்து பொண்ணு கேக்கான். ஜெயிக்கணும்னு நெனைக்கவன் அப்பிடிப் பேசுவானா? பயந்தவன்னு சொல்லிக்கிட்டான். எனக்கு அப்படித் தெரியல."

தங்கமயிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரொம்பச் சிரிக்காத" என்றார் அவளிடம். "செயலாளருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மருமகனுக்கு இன்னும் போடல. அது வேற எலெக்‌ஷன்."

"அதுல எனக்கு ஓட்டு உண்டா?" என்றாள் சொர்ணம்மாள்.

"உனக்குத்தான் எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிருக்கே. ஒனக்கு என்னத்துக்கு ஓட்டு?"

அப்போதுதான் வாசலில் நிழல் தெரிந்தது. சுப்ரமணியன், ரேஷன் கார்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்கவும் தைரியமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

"வாரும், உக்காரும்" என்றார் பிரம்மநாயகம். பட்டியலை வாங்கி ஓரமாக வைத்தார். "அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன். உங்க வீட்டுல சொல்லியாச்சா?"

சுப்ரமணியன் தரையைப் பார்த்தான். "இல்லை."

"உங்க அம்மாவுக்குத் தெரியாது?"

"அம்மா ரொம்ப ஆசாரம். லேபர் கேம்ப்னு சொன்னாலே..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

சொர்ணம்மாளின் சிரிப்பு மறைந்தது. தங்கமயில் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரப்போகிறது என்று பயந்தாள்.

பிரம்மநாயகம் எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக் கையை நுழைத்துக்கொண்டார்.

"எங்கப்பா போறீங்க?"

"மாட்டுங்காவுக்கு. நாப்பது பேரு முன்னால வாய் திறந்த மனுஷன் பெத்த தாய்கிட்ட திறக்க மாட்டேங்காரு. ஒத்தையில அனுப்பினா இன்னும் பதினோரு மாசம் ஆக்கிருவாரு." சுப்ரமணியனின் முழங்கையைப் பிடித்துக் கிளப்பினார். "நடையும்வே. உங்க அம்மா பேரு என்ன?"

"மீனாட்சியம்மாள்..." சுப்ரமணியனின் குரல் பாதியில் நின்றது. "இப்பவேவா?"

"பின்ன?"

இருவரும் தெருவில் இறங்கினார்கள். ஒருவர் வேகமாக, ஒருவர் தயங்கித் தயங்கி. சொர்ணம்மாள் வாசலுக்கு ஓடினாள். "சட்டைப் பித்தானைப் போட்டுட்டுப் போங்க! முத முதலாப் போற வீடு!"

பிரம்மநாயகம் திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மாட்டுங்கா போகும் ரோட்டில் நடந்தார்.